சுவரிலா, கட்டிலிலா: ஒட்டுப்போர்வைகளைத் தேடி ஏழு நாள்

முதல் நாள்: பாஸ்டன், 2021 நவம்பர் 13

இன்று நான் பார்த்த போர்வையின் நட்டநடுக் கட்டத்தில் விண்மீன்கள் உதிர்கின்றன. 1833 நவம்பர் 13ஆம் நாள் அமெரிக்க வானத்தில் பெய்த விண்கல் மழையை ஹேரியட் பவர்ஸ் என்ற பெண் துணியில் வெட்டித் தைத்திருக்கிறார். அதே தேதியில் அதன் முன் வந்து நிற்க வேண்டும் என்று நான் திட்டமிட்டிருக்கவில்லை. குறிப்பு அட்டையில் தேதியைப் படித்ததும் சற்று நேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

பவர்ஸ் 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விண்மீன்கள் உதிர்ந்தபோது அவர் பிறக்கவேயில்லை. ஆக, அந்தக் கட்டத்தில் இருப்பது அவர் கண்ணால் கண்ட காட்சியாக இருக்க முடியாது. உலகம் முடிந்துவிட்டது என்று நடுங்கியவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, பல ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருந்து, 1895க்கும் 1898க்கும் இடையில் துணிக்கு மாற்றிய நினைவு அது. பதினைந்து கட்டங்கள் கொண்ட இந்தப் போர்வையில் மோசேயும் யோனாவும் யோபுவும் வருகிறார்கள். அவர்களுக்கு அருகிலேயே 1895 பிப்ரவரி 10ஆம் நாள் குளிரில் உறைந்துபோனவர்களும், கோவேறு கழுதையின் மூச்சு பனிக்கட்டியாகித் தொங்குவதும், ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை 500 மைல் ஓடிய ஒரு பெண் பன்றியும் இருக்கின்றன. வேதத்தில் நடந்தவற்றுக்கும் ஊரில் நடந்தவற்றுக்கும் அவர் ஒரே அளவு துணிதான் ஒதுக்கியிருக்கிறார்.

நுண்கலை அருங்காட்சியகத்தில் நடக்கும் இந்தக் கண்காட்சி அமெரிக்க ஒட்டுப்போர்வைகளின் முந்நூறு ஆண்டுகளைச் சொல்கிறது. பவர்ஸ் தைத்தவற்றில் எஞ்சியிருப்பவை இரண்டே இரண்டு. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலிருந்து மற்றொன்றும் வந்து, இரண்டும் முதன்முறையாக ஒரே கூடத்தில் தொங்குகின்றன. பழைய பருத்தியை வெளிச்சம் அரித்துவிடும் என்பதால் அறையில் விளக்குகளைத் தணித்து வைத்திருக்கிறார்கள். கண் பழகியபின்தான் தையல் தெரிகிறது. மேலே கோலம் அமைந்த துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி என்ற மூன்று அடுக்கும் விலகாமல் இருக்க, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத் தையல் போடுவதற்கே ஆங்கிலத்தில் குவில்டிங் என்று பெயர். மேலே உள்ள உருவங்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்பவர்கள் இந்தத் தையலைத் தவறவிடுகிறார்கள். மூன்று அடுக்கையும் ஒன்றாக்குவது அதுதான்.

ஸ்மித்சோனியனிலிருந்து வந்த முதல் போர்வையின் கதையை இங்கே எழுதாமல் இருக்க முடியாது. 1886இல் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அதைக் கண்ட ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் குடும்பத்தில் பணமுடை வந்தது. மாட்டு வண்டியில் ஏறி, மாவுச் சாக்கில் சுற்றி, அதன்மேல் ஒரு கோணிச் சாக்கையும் போர்த்தி, குழந்தையை ஏந்துவது போல மடியில் வைத்துக்கொண்டு அவரே அதை ஆசிரியையின் வாசலுக்குக் கொண்டுவந்தார். பத்து டாலர் கேட்டார், ஐந்து டாலர் கிடைத்தது. விற்ற பிறகும் அதைப் பார்ப்பதற்காகப் பலமுறை அந்த வீட்டுக்குப் போனார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் அவர் விளக்கினார். ஸ்மித் அவற்றை எழுதிக்கொண்டார். இன்று நாம் அந்த உருவங்களைப் படிக்க முடிவது அந்த ஓர் உரையாடலால்தான்.

உடம்பைப் போர்த்துவதற்கென்று பிறந்த ஒன்று சுவருக்கு ஏறும்போது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் பயணத்தைத் தொடங்கியிருக்கிறேன். இதே கண்காட்சியில் உள்ள பிசா பட்லரின் 2019ஆம் ஆண்டுப் படைப்பு சுவருக்கென்றே பிறந்தது. 1899இல் எடுத்த, அட்லாண்டாவின் மோரிஸ் பிரவுன் கல்லூரிப் பேஸ்பால் அணியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை, வண்ணக் கலவை இல்லாமல், துணிகளை அடுக்கியே ஆளுயர உருவங்களாக்கியிருக்கிறார். கண்ணைப் பறிக்கும் அழகுதான். ஆனாலும் அந்தத் துணிகளுக்குக் கீழே யாரும் உறங்கியிருக்கவில்லை என்ற எண்ணம் என்னை விடவில்லை.

இரண்டாம் நாள்: பிராவின்ஸ்டவுன், நவம்பர் 14

பாஸ்டனிலிருந்து சாலை வழியாக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நிலம் கொக்கியாக வளைந்து கடலுக்குள் நீண்டு முடியும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். 1916 ஆகஸ்டில் இங்கே ஒரு பழைய படகுத்துறைக் கொட்டகையில், சூசன் கிளாஸ்பெல் எழுதிய ‘டிரைஃபிள்ஸ்’ என்ற ஓரங்க நாடகம் முதன்முதலாக நடிக்கப்பட்டது. தலைப்புக்கு அற்ப விஷயங்கள் என்று பொருள். அந்தத் துறை இன்று இல்லை. கடற்கரையோரம் நின்று, காற்றில் பறக்கும் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு நாடகத்தை மறுபடியும் முழுவதுமாகப் படித்தேன்.

எழுதத் தொடங்கும் முன் கிளாஸ்பெல் அயோவா மாநிலத்தில் செய்தியாளராக இருந்தார். 1900 டிசம்பரில் ஒரு விவசாயி உறக்கத்தில் கொல்லப்பட, மனைவி மீது குற்றம் சாட்டப்பட்ட வழக்கைப் பற்றி நாளிதழுக்கு எழுதியவர் அவர்தான். நாடகத்தில் ஆண்கள் மாடியில் தடயம் தேடிக்கொண்டிருக்க, அவர்களுடன் வந்த இரண்டு பெண்கள் சமையலறையில் ஒரு கூடையில் கிடக்கும் அரைகுறை ஒட்டுப்போர்வையைப் பார்க்கிறார்கள். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள் என்று வளரும் ‘மரக்கட்டைக் குடிசை’ என்ற கோலம். எல்லாக் கட்டங்களிலும் தையல் சீராக ஓட, கடைசிக் கட்டத்தில் மட்டும் கை தடுமாறியிருக்கிறது. கணவன் இறப்பதற்கு முன் அந்தப் பெண்ணின் மனத்தில் என்ன நடந்தது என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரு வாக்குமூலம் அந்தத் தையல். பெண்களில் ஒருவர் பேசாமல் அந்தத் தையலைப் பிரித்துவிட்டு ஒழுங்காகத் தைக்கத் தொடங்குகிறார். சாட்சியை அழிக்கும் செயலும் இன்னொரு பெண்ணின் வேலையைச் சரிசெய்து கொடுக்கும் செயலும் அங்கே ஒரே ஊசியில் நடக்கின்றன.

போர்வையின் அடுக்குகளை இணைக்க இரண்டு வழிகள் உண்டு. நெருக்கமாக ஓட்டுத் தையல் போடலாம். அல்லது இடம்விட்டு இடம்விட்டு முடிச்சிடலாம். அவள் எந்த வழியில் முடிக்க எண்ணியிருப்பாள் என்று பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு ஆண்கள் சிரிக்கிறார்கள். நாடகத்தின் இறுதியில் அதே கேள்வியை அரசு வழக்கறிஞர் கேலியாகத் திரும்பக் கேட்கும்போது, முடிச்சுப் போடுவதாகத்தான் இருந்தாள் என்று அமைதியாகப் பதில் வருகிறது. கணவன் கழுத்தில் இறுகியதும் ஒரு முடிச்சுத்தான். அயோவாவில் அன்று பெண்கள் நடுவர் குழுவில் அமர முடியாது. ஆகவே அந்த வழக்கின் உண்மையான நடுவர் குழு சமையலறையில் கூடியது. அது படித்த ஆவணம் ஒரு போர்வை.

நேற்று நான் கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பக்கம் திறக்கிறது. அந்தத் துணியைப் படிக்க முடிந்தது அதைப் போலவே தைத்துப் பழகிய கைகளால் மட்டுமே. சட்டம் படித்தவர்கள் அதைக் கடந்து போனார்கள்.

மூன்றாம் நாள்: வாஷிங்டன், நவம்பர் 15

பாஸ்டனிலிருந்து ரயிலில் நாள் முழுவதும் போயிற்று. நியூயார்க்கில் ரயில் நின்றபோது, அந்நகரின் ஹார்லம் பகுதியில் பிறந்த ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டை நினைத்துக்கொண்டேன். ஆடை வடிவமைப்பாளரான தாய் வில்லி போஸியுடன் சேர்ந்துதான் 1980இல் அவர் தம் முதல் ஒட்டுப்போர்வையைச் செய்தார். 1988இல் செய்த ‘டார் பீச்’ என்ற கதைப்போர்வையில், வெயில் கால இரவில் மொட்டை மாடியில் படுத்திருக்கும் எட்டு வயதுச் சிறுமி, தந்தை பாடுபட்டுக் கட்டிய பாலத்தின் மேல் பறக்கிறாள். அவள் பறந்த இடமெல்லாம் அவளுக்குச் சொந்தமாகிறது. ஓவியத்தைச் சுற்றிலும் துணிக் கட்டங்களால் கரையிட்டு, கதையையும் துணியின் மீதே எழுதியிருக்கிறார். தாய் கொடுத்த தொழிலும் மகள் கற்ற ஓவியமும் ஒரே துணியில் சேர்ந்துவிட்டன.

மாலையில் நகரின் நடுவே நேஷனல் மால் என்று அழைக்கப்படும் நீண்ட புல்வெளியில் நடந்தேன். 1987 அக்டோபர் 11ஆம் நாள் இங்கே எய்ட்ஸ் நினைவுப் போர்வை முதன்முறையாக விரிக்கப்பட்டது. கிளீவ் ஜோன்ஸ் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய முயற்சி அது. அன்றைக்கு இருந்தவை 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்று அடிக்கு ஆறடி, ஒரு மனிதனைப் புதைக்கும் குழியின் அளவு. நோயில் இறந்தவர்களின் உடலைத் தொடவே சில இறுதிச் சடங்கு இல்லங்கள் மறுத்த காலம். கல்லறை கிடைக்காதவர்களுக்கு அவர்களுடைய நண்பர்களும் தாய்மார்களும் ஜீன்ஸ் துணியிலும் சட்டையிலும் பெயரைத் தைத்தார்கள். 1996இல் கடைசியாக முழுமையாக விரித்தபோது அது இந்தப் புல்வெளி முழுவதையும் மூடியது. இப்போது அதன் எடை 54 டன் என்கிறார்கள். சுவரிலும் ஏறாமல், கட்டிலிலும் விரியாமல் மண்ணில் கிடந்த போர்வை அது. பார்க்க வந்தவர்கள் குனிந்துதான் படித்தார்கள்.

நான்காம் நாள்: ஏதென்ஸ், ஜார்ஜியா, நவம்பர் 16

அட்லாண்டாவில் இறங்கி வாடகைக் காரில் வந்தேன். ஏதென்ஸின் காஸ்பல் பில்கிரிம் இடுகாட்டில்தான் ஹேரியட் பவர்ஸ் அடக்கமானார். 1910 ஜனவரி 1 அன்று இறந்த அவரது கல்லறைக் கல், செடிகொடிகளுக்குள் மறைந்திருந்து 2005இல்தான் மீண்டும் அடையாளம் காணப்பட்டது. பெரும்பாலான கல்லறைகளை இன்றும் காடு சூழ்ந்திருக்கிறது. காய்ந்த இலைகள் காலுக்கடியில் நொறுங்க, பாஸ்டனில் மங்கிய வெளிச்சத்தில் பார்த்த பன்றியையும் விண்மீன்களையும் நினைத்தபடி ஒரு மணி நேரம் அங்கே நடந்தேன்.

இரவு தங்க இடம் கொடுத்தவர் என் தோழியின் வழியாக அறிமுகமான எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். விருந்தினர் அறைக் கட்டிலில் அவருடைய தாய் தைத்த ஒட்டுப்போர்வை விரித்திருந்தது. பயன்படுத்தத் தயங்கி, மடித்து நாற்காலியில் வைத்தேன். அதைக் கண்டு அவர் அறைக்குள் வந்து, தாமே அதை விரித்து, ஒவ்வோர் ஒட்டாகத் தொட்டுச் சொல்லத் தொடங்கினார். இது அப்பாவின் வேலைச் சட்டை, முழங்கைப் பகுதியானதால் நிறம் வெளுத்திருக்கிறது. இது அத்தையின் திருமணத்துக்கு எடுத்த துணியில் மிஞ்சியது. இது தானே பள்ளிக்கு அணிந்த உடை. இந்த மூலை கிழிந்து போய்ப் பின்னாளில் அக்கா வைத்துத் தைத்தது, அக்காவின் தையல் எப்போதும் கொஞ்சம் பெரிது. சிறிய பூப்போட்ட நீலத் துணி ஒன்றில் விரல் நின்றது. இரண்டு முறை தடவிப் பார்த்தார். “இது யாருடையது என்று அக்காவுக்குத்தான் தெரியும். போன ஆண்டு அவளும் போய்விட்டாள்” என்றார்.

எழுதுகோலை எடுத்து, அவர் சொன்னவற்றை உடனே ஒரு தாளில் வரைபடமாகக் குறித்து அவரிடமே கொடுத்தேன். ஜென்னி ஸ்மித் செய்த காரியம் எவ்வளவு பெரியது என்று அந்த நீலத் துணிதான் எனக்குப் புரியவைத்தது. ஒரு வீட்டின் போர்வையில் துணி கிழிவதற்கு முன்பே அதன் பொருள் கிழிந்துவிடுகிறது. துணி கிழிந்தால் ஒட்டுப் போடலாம், அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போட ஆள் கிடைப்பதில்லை.

அன்றிரவு அந்தப் போர்வைக்கு அடியில்தான் உறங்கினேன். எடை அதிகம். உடம்பின் மீது ஒரு கை இருப்பது போல இருந்தது.

ஐந்தாம் நாள்: ஈட்டன்டன், நவம்பர் 17

ஏதென்ஸிலிருந்து தெற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆலிஸ் வாக்கர் 1944இல் பிறந்த ஊர் இது. குத்தகை விவசாயிகளின் மகளான அவர் எழுதி 1973இல் வெளியான ‘எவ்ரிடே யூஸ்’ என்ற சிறுகதையில் என் கேள்வி ஏற்கெனவே வழக்காக நடந்து முடிந்திருக்கிறது.

படித்துப் பட்டணம் போன மூத்த மகள் டீ, பாட்டி ஒட்டுகளை இணைத்த இரண்டு போர்வைகளைத் தனக்குத் தரும்படி தாயிடம் கேட்கிறாள். அவற்றில் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டியின் உடைகள் இருக்கின்றன. உள்நாட்டுப் போரில் கொள்ளுத்தாத்தா அணிந்த சீருடையின் துண்டு ஒன்றும், ஒரு சிறு தீப்பெட்டி அளவில், இருக்கிறது. தீக்காயத் தழும்புகளோடு வீட்டிலேயே ஒடுங்கி வாழும் இளையவள் மேகிக்கு அவற்றைத் தருவதாகத் தாய் முன்பே சொல்லியிருக்கிறாள். மேகி அவற்றை அன்றாடம் போர்த்திக் கிழித்துவிடுவாள் என்று டீ பதறுகிறாள். அவற்றை என்னதான் செய்வாய் என்று தாய் கேட்க, சுவரில் தொங்கவிடுவேன் என்கிறாள். பாட்டியைப் போர்வை இல்லாமலும் தன்னால் நினைத்துக்கொள்ள முடியும், அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்று மேகி விட்டுக்கொடுக்கும் அந்த நொடியில், தாய் போர்வைகளைப் பிடுங்கி மேகியின் மடியில் போடுகிறாள்.

வகுப்பறைகளில் இந்தக் கதையை டீக்கு எதிரான தீர்ப்பாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் படித்தேன். பாஸ்டனைப் பார்த்துவிட்டு வந்து படிக்கும்போது அவ்வளவு எளிதாகத் தீர்ப்பளிக்க முடியவில்லை. பவர்ஸின் போர்வைகளைத் தினமும் போர்த்தியிருந்தால் இன்று விண்மீன்களும் இல்லை, பன்றியும் இல்லை. இந்த ஊரில் பிறந்த வாக்கரே 1974இல் வெளியான ஒரு கட்டுரையில், ஸ்மித்சோனியனில் தொங்கிய ஒரு போர்வையின் முன் நின்றதைப் பற்றி எழுதியிருக்கிறார். செய்தவர் பெயர் தெரியாத கறுப்பினப் பெண் என்று அதன் குறிப்பு சொன்னதாம். அது பவர்ஸின் போர்வைதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சுவர் அந்தப் போர்வையைக் காப்பாற்றியது, பெயரைக் காப்பாற்றவில்லை. ஆனால் கதையில் தாய் பார்ப்பது வேறொன்றை. மேகிக்குத் தைக்கத் தெரியும், பாட்டியிடமிருந்தே கற்றவள். இவை கிழிந்தால் அவள் இன்னொன்று தைத்துக்கொள்வாள். டீ போர்வையைக் கேட்டாள். மேகியிடம் போர்வை செய்யும் கை இருந்தது. என் மனம் இன்றும் தாயின் பக்கமே சாய்கிறது, ஆனால் இப்போது வேறு காரணத்துக்காக.

ஆறாம் நாள்: அலபாமா நோக்கி, நவம்பர் 18

பகல் முழுவதும் சாலையில். வழியில் ஓர் இடத்தில், அடிமைகள் வடக்கே தப்பிச் செல்ல வழிகாட்டும் இரகசியக் குறியீடுகளை ஒட்டுப்போர்வைகளில் தைத்து வேலியில் தொங்கவிட்டார்கள் என்று ஒருவர் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1999இல் வெளியான ஒரு நூலால் பரவிய கதை இது. தப்பிச் சென்றவர்களே எழுதியும் சொல்லியும் விட்டுச்சென்ற ஏராளமான வாக்குமூலங்களில் இதற்குச் சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் பலமுறை எடுத்துக்காட்டிவிட்டார்கள். இந்தக் கதை எனக்கு வருத்தமளிக்கிறது. பவர்ஸ் தம் வாயாலேயே சொல்லிச்சென்ற பொருள் கட்டத்துக்குக் கட்டம் எழுத்தில் இருக்க, யாரும் சொல்லாத பொருளை ஏன் தேட வேண்டும்?

ஏழாம் நாள்: பாய்கின், நவம்பர் 19

அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்து சூழ்ந்த நிலத்துண்டுதான் ஜீஸ் பெண்ட். அரசு ஏடுகளில் பாய்கின். எதிர்க்கரையில் இருக்கும் கேம்டனிலிருந்து படகில் வந்தால் சிறிது நேரம்தான். நான் வேண்டுமென்றே சாலை வழியாகச் சுற்றி வந்தேன்; ஒரு மணி நேரம் ஆயிற்று. 1962இல், இங்குள்ள கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்ய அக்கரைக்குச் செல்லத் தொடங்கியதும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2006இல்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட 44 ஆண்டுகள் அவர்கள் போய்வந்த வழியில் ஒரு முறையாவது போக விரும்பினேன்.

இங்கே பலருக்கும் பெட்வே என்பதே குடும்பப் பெயர். 1840களில் இந்தத் தோட்டத்தை வாங்கிய அடிமை உடைமையாளரின் பெயர் அது. 1932இல், கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்ததும், அறுபது குடும்பங்களின் கால்நடை, ஏர், தானியம் எல்லாவற்றையும் கடனுக்கு ஈடாக அள்ளிச் சென்றார்கள். அவர்களிடம் எஞ்சியவற்றில் கந்தையும் ஊசியும் இருந்தன. குளிரைத் தடுக்கச் சுவர்களில் செய்தித்தாள் ஒட்டிய வீடுகளில், முழங்கால் தேய்ந்த கால்சட்டைகளைப் பிரித்துப் பெண்கள் போர்வை தைத்தார்கள். கூரை உச்சி என்று அவர்கள் அழைக்கும் கோலம், நாடகத்தில் வந்த மரக்கட்டைக் குடிசைக்கு உறவு. ஆனால் இங்கே அளவுகோல் வைத்து வெட்டுவதில்லை. துணி முடியும் இடத்தில் கோடு வளையும், கோணும், வேறு நிறத்தில் தொடரும். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் இங்குள்ள பெண்களின் கூட்டுறவு அமைப்புக்குக் கிடைத்தபோது, மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளும் போர்வைகளாயின. 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை தொங்கின. 2006இல் அஞ்சல் தலைகளாக வந்தன. அந்த வடிவங்களையே பெரிய பலகைகளில் தீட்டிச் சாலையோரம் நிறுத்தியிருக்கிறார்கள்.

இவற்றில் என்னை இங்கே இழுத்து வந்தது ஒன்றுதான். 1942இல் கணவர் இறந்தபின், மிசூரி பெட்வே அவருடைய வேலை உடைகளை எடுத்து ஒரு போர்வை செய்தார். நீலம், சாம்பல், பழுப்பு எல்லாம் வெயிலில் வெளுத்தவை.  அவரை நினைவில் வைக்கவும், அன்புக்காக அதனடியில் போர்த்திப் படுக்கவும் அம்மா அதைத் தைத்தார் என்று, அப்போது உடன் உதவிய மகள் அர்லோன்சியா பின்னாளில் சொன்னார். அந்தப் போர்வை இப்போது வாஷிங்டனின் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. நினைவில் வைப்பது, போர்த்திக்கொள்வது என்ற இரண்டையும் டீயும் மேகியும் பங்கு போட்டுக்கொண்டு சண்டையிட்டார்கள். மிசூரிக்கு அவை ஒரே வேலையாக இருந்தன.

பெண்கள் தைத்துக்கொண்டிருந்த ஓர் இடத்தில் மதியம் முழுவதும் உட்கார அனுமதித்தார்கள். சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய போர்வையைச் சுற்றி நான்கு பேர். பேச்சு குறைவு, ஒருவர் முணுமுணுத்த தேவாலயப் பாட்டை மற்றவர்கள் தொடர்ந்தார்கள். ஓரத்தில் அடுக்கியிருந்த சிறிய போர்வைகளில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. பழைய ஜீன்ஸ் துணியின் நடுவே சிவப்புக் கார்டுராய்ப் பட்டை ஒன்று, நேராகப் போகத் தொடங்கி, பாதியில் மனம் மாறி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தைத்தவர் அங்கேயே இருந்தார். ஏழு நாளாகச் சுமந்துவந்த கேள்வியை அவரிடம் கேட்டேன்: இதை நான் சுவரில் மாட்டலாமா, போர்த்திக்கொள்ள வேண்டுமா?

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “நீ படுக்கும் அறையில் குளிர் அதிகமா?” என்று கேட்டார்.

அதிகம்தான் என்றேன். அவர் எழுந்து, என் கையில் இருந்ததை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, அதே சிவப்பில் இன்னும் கனமான ஒன்றை அடியிலிருந்து உருவத் தொடங்கினார்.